‘மே’ என்றால் அனுமதியா, சந்தேகமா? நாடாளுமன்றத்தையே சூடாக்கிய ஆங்கில வினைச்சொல்... சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

‘மே ஐ கம் இன் சார்?’

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பலருக்கும் வாயில் முதலில் ஒட்டிக்கொண்ட முழு ஆங்கில வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். இலக்கணம் தெரிகிறதோ இல்லையோ, வகுப்பு வாசலில் நின்று இதைச் சொன்னால் உள்ளே விடுவார்கள் என்பது தெரியும். காவல் நிலையம், வங்கி, அரசு மருத்துவமனை என்று எங்கே போனாலும் ‘மே ஐ ஹெல்ப் யூ’ பலகை கண்ணில் படும்.

இவ்வளவு பழகிய சொல்தான். ஆனால் 1963-ல் ஒரு சட்டத்தில் இந்தச் சொல் இடம்பெற்றபோது, ‘இதை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போடுங்கள்’ என்று நாடாளுமன்றத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பிரதமர் நேரு ஒரு பொருள் சொன்னார், அண்ணா வேறொரு பொருள் சொன்னார். சுதந்திர இந்தியாவின் மொழிப் பிரச்னையில் ‘மே’ என்ற சொல்லுக்குத் தனி இடமே உண்டு.

இன்றைக்கும் வீட்டுக் கடன் பத்திரம், வேலைக்கான நியமனக் கடிதம், மாத்திரை அட்டை, அலுவலக மின்னஞ்சல் என்று எல்லா இடத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சில சமயம் பணமே போகும். ‘மே’ என்ன சொல்கிறது, எப்போது சொல்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

‘மே’ செய்யும் 3 வேலைகள்

இலக்கணப்படி ‘மே’ ஒரு துணை வினைச்சொல். தனியாக நிற்காது. இன்னொரு வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து அதன் பொருளை மாற்றும். இதற்கு முக்கியமாக மூன்று வேலைகள்.

முதல் வேலை, அனுமதி. ‘யூ மே கோ நவ்’ என்றால் ‘இப்போது நீங்கள் போகலாம்’. போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போனால் தடுக்க மாட்டோம், அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை, வாய்ப்பு. ‘இட் மே ரெயின் டுடே’ என்றால் ‘இன்று மழை வரலாம்’. வரும் என்ற உறுதியும் இல்லை, வராது என்ற உறுதியும் இல்லை. மழைக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. இங்கே ‘மே’ காட்டுவது பேசுபவரின் சந்தேகத்தை.

மூன்றாவது வேலை, வாழ்த்தும் வேண்டுதலும். ‘மே யூ லிவ் லாங்’ என்றால் ‘நீடூழி வாழ்க’. இரங்கல் செய்திகளில் வரும் ‘மே ஹிஸ் சோல் ரெஸ்ட் இன் பீஸ்’ என்பதும் இந்த வகைதான். ‘அவரது ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று பொருள். இதில் வாக்கியம் ‘மே’ என்றே தொடங்கினாலும் அது கேள்வி இல்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. ‘ஆற்றல் உடைய, செய்ய முடிகிற’ என்பதே அதன் அன்றைய பொருள். வலிமையைக் குறிக்கும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ‘முடியும்’ என்று தொடங்கிய சொல், காலப்போக்கில் ‘செய்யலாம்’ என்றும் ‘நடக்கலாம்’ என்றும் மாறிவிட்டது.

தமிழின் ‘லாம்’ உதவுமா, குழப்புமா?

ரெண்டும் நடக்கும்.

தமிழில் ‘லாம்’ என்ற விகுதி அனுமதிக்கும் வரும், வாய்ப்புக்கும் வரும். ‘நீங்க கிளம்பலாம்’ என்பது அனுமதி. ‘பஸ் லேட்டா வரலாம்’ என்பது வாய்ப்பு. இந்த ரெண்டு இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ‘மே’ போட்டுவிடலாம்.

சிக்கல் மூன்றாவது ‘லாம்’ வரும்போதுதான். ‘வாங்க, சாப்பிடலாம்’ என்கிறோம். இது அனுமதியும் இல்லை, சந்தேகமும் இல்லை. சேர்ந்து சாப்பிடக் கூப்பிடுகிற அழைப்பு. இதை ‘வீ மே ஈட்’ என்று சொன்னால் ஆங்கிலம் பேசுபவருக்கு ‘நாங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடுவோம்’ என்பது போலத்தான் கேட்கும். இங்கே ‘லெட்ஸ் ஈட்’ என்றோ ‘ஷல் வீ ஈட்?’ என்றோதான் சொல்ல வேண்டும். ‘போகலாமா?’ என்று கூட வருபவரைக் கேட்பதற்கும் ‘ஷல் வீ கோ?’ என்பதே சரி.

அப்படியென்றால், அழைப்பு ‘லாம்’ வந்தால் ‘மே’ வேண்டாம். இதை மனதில் வைத்தாலே பாதித் தப்பு குறைந்துவிடும்.

‘மே நாட்’ - ஒரே சொல், இரண்டு முகம்

‘மே’ எதிர்மறையாக மாறும்போது இன்னும் கவனம் தேவை.

‘யூ மே நாட் என்டர்’ என்று ஒரு காவலர் சொன்னால் அது தடை. ‘நீங்கள் உள்ளே நுழையக் கூடாது’ என்று பொருள். ஆனால் ‘ஹி மே நாட் கம் டுமாரோ’ என்றால் அது தடை இல்லை. ‘அவர் நாளைக்கு வராமல் போகலாம்’ என்று பொருள்.

தமிழில் இந்தக் குழப்பம் வராது. தடைக்கு ‘கூடாது’, வாய்ப்புக்கு ‘போகலாம்’ என்று ரெண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘மே நாட்’ என்ற ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. எது என்று சூழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

‘மே’ என்று சொன்னாலே ‘மே நாட்’ என்பதும் பின்னால் ஒளிந்திருக்கிறது. ‘செய்யலாம்’ என்று ஒருவரிடம் சொன்னால், ‘செய்யாமலும் இருக்கலாம்’ என்ற சுதந்திரத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம். 1963-ல் வெடித்த பிரச்னையின் மையம் இதுதான்.

1963: நேரு சொன்ன ‘மே’, அண்ணா கேட்ட ‘ஷல்’

இந்திய அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 343-வது பிரிவு, ஒன்றிய அரசின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தி என்றது. ஆங்கிலம் 15 ஆண்டுகளுக்குத் தொடரும், அதன் பிறகும் தொடர வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்றும் அந்தப் பிரிவு சொன்னது. கெடு முடியும் நாள், 1965 ஜனவரி 26.

இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-ல் நாடாளுமன்றத்தில் நேரு உறுதியளித்தார். அந்த உறுதிக்குச் சட்ட வடிவம் கொடுப்பதாகச் சொல்லி வந்ததுதான் 1963-ம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம்.

அதன் 3-வது பிரிவில்தான் வந்தது வம்பு. 15 ஆண்டுக் காலம் முடிந்த பிறகும், இந்தியோடு கூடுதலாக ஆங்கிலம் ‘மே கன்டினியூ டு பி யூஸ்டு’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதாவது, ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட‘லாம்’.

‘பயன்படுத்தப்படலாம் என்றால், பயன்படுத்தப்படாமலும் போகலாம்தானே? இது எப்படி உறுதிமொழி ஆகும்?’ - இதுதான் எதிர்த்தவர்களின் கேள்வி. ‘மே’ இருக்கும் இடத்தில் ‘ஷல்’ வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். சட்ட மொழியில் ‘ஷல்’ என்றால் பொதுவாகக் கட்டாயம். ‘பயன்படுத்தப்பட வேண்டும்’ என்று ஆகிவிடும். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா இதை வலியுறுத்தினார். இந்த இடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்றுதான் பொருள் என்று நேரு விளக்கம் தந்தார். ஆனால் சொல் மாறவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேருவின் விளக்கம் அவரது வாக்குறுதி. சட்டத்தில் இருப்பதோ ‘மே’. விளக்கம் சொன்னவர் 1964 மே 27-ல் மறைந்தார். எழுத்து அப்படியே இருந்தது.

அதற்கு முன்பே, 1964 ஜனவரி 25-ல் கீழப்பழுவூர் சின்னச்சாமி இந்தித் திணிப்பை எதிர்த்து திருச்சியில் தீக்குளித்து உயிர்விட்டார். 1965 ஜனவரியில் கெடு நாள் நெருங்கியபோது மாணவர் போராட்டம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. துப்பாக்கிச் சூடு நடந்தது, பல உயிர்கள் போயின. ஒன்றிய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். 1965 பிப்ரவரி 11-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்று அறிவித்தார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சொல் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. மொழியுரிமை, அரசு வேலை, கல்வி என்று பல கவலைகள் இருந்தன. ஆனால் அந்தக் கவலைகளுக்கு ‘மே’ என்ற சொல்லால் பதில் சொல்ல முடியவில்லை என்பது உண்மை.

1967-ல் என்ன மாறியது?

1967-ல் சட்டம் திருத்தப்பட்டது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பழைய ‘மே’ நீக்கப்படவில்லை. அது இன்றும் 3-வது பிரிவின் தொடக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிப் புதிதாகச் சில ‘ஷல்’கள் சேர்க்கப்பட்டன.

இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே நடக்கும் தகவல் தொடர்பில் ஆங்கிலம் ‘ஷல் பி யூஸ்டு’, அதாவது பயன்படுத்தப்பட வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. தீர்மானங்கள், விதிகள், அறிவிக்கைகள் போன்றவற்றில் இந்தியும் ஆங்கிலமும் இரண்டுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் வந்தது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 5-வது உட்பிரிவு. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், அதுவரை இந்த ஏற்பாடு தொடரும் என்கிறது அது. ஒரு மாநிலம் மறுத்தாலும் ஆங்கிலத்தை நிறுத்த முடியாது.

‘மே’ என்ற சொல் அங்கேயே இருக்கிறது. ஆனால் ‘வேண்டாம்’ என்று முடிவெடுக்கும் சுதந்திரம் ஒரு தரப்பின் கையில் மட்டும் இல்லாமல் போனது.

நீதிமன்றத்தில் ‘மே’ என்ன ஆகும்?

சரி, ‘மே’ என்றால் விருப்பம், ‘ஷல்’ என்றால் கட்டாயம் என்று மனப்பாடம் செய்துவிடலாமா? நீதிமன்றம் அவ்வளவு சுலபமாக விடாது.

அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 320-வது பிரிவு ‘ஷல்’ போட்டுச் சொல்கிறது. ஆனால், கலந்தாலோசிக்கவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1957-ல் மன்போதன் லால் வழக்கில் தீர்ப்பளித்தது. அங்கே ‘ஷல்’லின் பிடி தளர்ந்தது.

இதற்கு நேர் எதிராக ஒன்று, அதே 1963-ல் நடந்தது. கெசடட் அரசு ஊழியர் தானே கேட்டுக்கொண்டால், அவரது வழக்கை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப‘லாம்’ என்று உத்தரப் பிரதேச அரசின் விதி ஒன்று சொன்னது. ஜோகேந்திர சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ‘மே’யை ‘ஷல்’ என்றே படித்தது. ஊழியருக்கு உரிமை கொடுக்கத்தான் அந்த விதியே இருக்கிறது, எனவே அவர் கேட்டால் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பது காரணம்.

அப்படியென்றால் நேரு சொன்னதும் ஆதாரமில்லாத பேச்சு இல்லை. ‘மே’ என்பது ‘ஷல்’ ஆகவும் முடியும். ஆனால் அதைத் தீர்மானிப்பது சூழலும் நீதிமன்றமும். ‘நீதிமன்றம் நமக்குச் சாதகமாகப் படிக்கும் என்று நம்பி இருக்க முடியாது, இப்போதே தெளிவாக எழுதுங்கள்’ என்பதுதான் எதிர்த்தவர்கள் பக்கத்து நியாயம்.

இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வரும் இடமும் உண்டு. அரசமைப்பின் 200-வது பிரிவில், மசோதாவை ஆளுநர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப‘லாம்’ என்ற இடத்தில் ‘மே’ இருக்கிறது. சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்ற இடத்தில் ‘ஷல் நாட்’ இருக்கிறது. தமிழ்நாடு ஆளுநர் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் வரை போன வாதங்கள் இந்தப் பிரிவைச் சுற்றித்தான்.

உங்கள் கடன் பத்திரத்திலும் இருக்கிறது

இது ஏதோ டெல்லி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த முறை கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ‘தி பேங்க் மே...’ என்று எத்தனை இடத்தில் வருகிறது, ‘தி பாரோவர் ஷல்...’ என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

வங்கி வட்டியை மாற்ற‘லாம்’. கடன் வாங்கியவர் தவணையைக் கட்ட ‘வேண்டும்’. முடிவெடுக்கும் சுதந்திரம் எந்தப் பக்கம், கடமை எந்தப் பக்கம் என்பதை இந்த ரெண்டு சொல்லே சொல்லிவிடும்.

நியமனக் கடிதத்திலும் இதே கதைதான். ‘போனஸ் மே பி பெய்டு’ என்று இருந்தால், கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காமலும் இருப்பார்கள். அதை நம்பி பைக்குக்கு இ.எம்.ஐ. போட்டுவிடக் கூடாது. ‘யூ மே பி டிரான்ஸ்ஃபர்டு’ என்று இருந்தால், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரத்தை நிறுவனம் கையில் வைத்திருக்கிறது என்று பொருள்.

மாத்திரை அட்டையில் ‘மே காஸ் டிரௌசினெஸ்’ என்று இருந்தால் தூக்கக் கலக்கம் வரலாம். எல்லோருக்கும் வராது, ஆனால் வண்டி ஓட்டும் முன் யோசிக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் ‘மே கன்டெய்ன் நட்ஸ்’ என்று இருந்தால், செய்முறையில் கொட்டைப் பருப்பு சேர்க்காவிட்டாலும் அதன் துகள் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்று எச்சரிக்கை. ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த ‘மே’யை ‘இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

அலுவலகத்தில் வரும் ‘மே’ - உஷார்!

நம் ஊர் அரசு அலுவலக ஆங்கிலத்தில் ‘மே’ என்பதற்கு நான்காவதாக ஒரு வேலை உண்டு. ‘தி ரிப்போர்ட் மே பி சென்ட் பை ஃப்ரைடே’ என்று மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தால், ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம்’ என்று பொருள் இல்லை. அனுப்பியே ஆக வேண்டும். கட்டளைக்குப் போட்ட மரியாதைச் சட்டைதான் அந்த ‘மே’.

கீழிருந்து மேலே போகும் கோப்பில் ‘மே ப்ளீஸ் பி அப்ரூவ்டு’ என்று எழுதுவார்கள். அது ‘ஒப்புதல் அளிக்கக் கோரப்படுகிறது’ என்ற பணிவான வேண்டுகோள். அதிகாரி கீழ்நோக்கி எழுதினால் உத்தரவு, ஊழியர் மேல்நோக்கி எழுதினால் விண்ணப்பம்.

ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது இந்த வழக்கம் கைகொடுக்காது. ‘யூ மே சென்ட் தி பேமென்ட்’ என்று எழுதினால், விருப்பப்பட்டால் அனுப்பலாம் போல என்று அவர்கள் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ‘ப்ளீஸ் சென்ட் தி பேமென்ட் பை மண்டே’ என்று நேராகக் கேட்பதே நல்லது.

மே, கேன், மைட் - எதை எங்கே போடுவது?

அனுமதி கேட்கும்போது ‘கேன் ஐ?’ என்பது நண்பர்களிடம், வீட்டில் பேசும் முறை. ‘மே ஐ?’ கொஞ்சம் மரியாதையானது. ஆசிரியர், நேர்காணல் அதிகாரி, முதல்முறை சந்திப்பவர் ஆகியோரிடம் ‘மே ஐ?’ பொருத்தமாக இருக்கும். இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் ‘கேன் ஐ?’ என்று கேட்பதும் தப்பில்லை.

வாய்ப்பைச் சொல்லும்போது ‘மே’, ‘மைட்’ இரண்டும் வரும். ‘மைட்’ என்றால் நம்பிக்கை இன்னும் கொஞ்சம் குறைவு. ஆனால் நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும்போது பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

விபத்துச் செய்தி ஒன்றில் ‘ஹி மே ஹேவ் சர்வைவ்டு’ என்று இருந்தால், அவர் பிழைத்தாரா என்று இன்னும் தெரியவில்லை. ‘ஹி மைட் ஹேவ் சர்வைவ்டு இஃப் ஹி ஹேட் வோர்ன் எ ஹெல்மெட்’ என்று இருந்தால், அவர் இறந்துவிட்டார். ஹெல்மெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ என்ற ஆதங்கம் அது. தமிழில் இரண்டுக்குமே ‘பிழைத்திருக்கலாம்’ என்று சொல்லிவிடுவோம். அதனால்தான் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறோம். ஆங்கிலம் பேசுபவர்களிலும் சிலர் இரண்டையும் கலந்து பேசுவது உண்டு. ஆனாலும் எழுதும்போது பிரித்து எழுதுவதே பாதுகாப்பு.

அடிக்கடி வரும் 4 தவறுகள்

1. ‘ஷி மே கம்ஸ்’ என்பது தவறு. ‘ஷி மே கம்’ என்பதே சரி. ‘மே’க்குப் பின்னால் வினைச்சொல் எந்த ஒட்டும் இல்லாமல் வர வேண்டும். ‘மே டு கம்’ என்பதும் கிடையாது.

2. ‘மே யூ ஹெல்ப் மீ?’ என்று உதவி கேட்கக் கூடாது. ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்று கேளுங்கள். அனுமதிக் கேள்வியில் ‘மே’ பெரும்பாலும் ‘ஐ’, ‘வீ’ ஆகியவற்றோடுதான் வரும்.

3. ‘மே பி’ என்று பிரித்து எழுதினால் அது வினை. ‘ஹி மே பி அட் ஹோம்’ - ‘அவர் வீட்டில் இருக்கலாம்’. ‘மேபி’ என்று சேர்த்து எழுதினால் ‘ஒருவேளை’. ‘மேபி ஹி இஸ் அட் ஹோம்’ - ‘ஒருவேளை அவர் வீட்டில் இருக்கிறாரோ என்னவோ’.

4. ‘மே இட் ரெயின் டுடே?’ என்று வாய்ப்பைக் கேள்வியாகக் கேட்பதில்லை. ‘இஸ் இட் லைக்லி டு ரெயின் டுடே?’ அல்லது ‘வில் இட் ரெயின் டுடே?’ என்று கேட்கலாம்.

சுருக்கமாக...

எங்கே ‘மே’யைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது யார்?

‘மே ஐ கம் இன்?’ என்றால் முடிவு எதிரில் இருப்பவர் கையில். ‘யூ மே கோ’ என்றால் உங்கள் கையில். ‘தி பேங்க் மே’ என்றால் வங்கியின் கையில். ‘இட் மே ரெயின்’ என்றால் யார் கையிலும் இல்லை, வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு ஒருவர் எழுத்தில் வாக்குக் கொடுக்கிறார், அதில் ‘மே’ இருக்கிறது என்றால், முடிவை அவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். அப்போது கையெழுத்துப் போடும் முன்பே ‘ஷல்’ என்றோ ‘வில்’ என்றோ மாற்றித் தரக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. 1963-ல் மாநிலங்களவையில் அண்ணா கேட்டதும் அதைத்தான்.